கடை ஜன்னலில் ஒரு நகரம்: ஜார்ஜ் மன்னர்கள் காலத்து லண்டன் கேலிச்சித்திரங்கள்

1808இல் ஜேம்ஸ் கில்ரே வெளியிட்ட ஒரு படத்தில், லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்து கிடக்கிறார். கையில் வெப்பமானி. விழுந்த வேகத்திலும் அதை மட்டும் விடவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கடை, அதன் ஜன்னல் முழுக்கப் படங்கள், ஜன்னல் முன்னால் ஒரு சிறு கூட்டம். விழுந்தவரைத் தூக்கிவிட ஒருவரும் திரும்பவில்லை. எல்லோருக்கும் படம் பார்ப்பதில்தான் மும்முரம்.

அந்தக் கடை கற்பனை இல்லை. 27, செயின்ட் ஜேம்ஸ் தெரு. ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி நடத்திய அச்சுப்படக் கடை. கில்ரே அந்தக் கடையின் மாடியிலேயே குடியிருந்தார். ஜன்னலில் தொங்குபவையும் அவர் முன்பு வரைந்த படங்களே. ஆக, ஒரே தாளில் நகைச்சுவை, கடைக்கு விளம்பரம், வேடிக்கை பார்க்கும் வாடிக்கையாளரின் தலையில் ஒரு குட்டு. இந்த மூன்றும் பிரிக்க முடியாமல் கலந்ததுதான் அந்தக் காலத்துக் கேலிச்சித்திரம். அதை வெறும் ஓவியமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். அது கடையில் விற்ற சரக்கு. வாங்கியவர் யார், அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று கேட்டுப் பார்த்தால்தான் மீதி பிடிபடும்.

காலக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து நான்கு ஜார்ஜ்கள் ஆண்டார்கள். அதைத்தான் ஜார்ஜிய காலம் என்கிறார்கள். கேலிச்சித்திரத்தின் பொற்காலம் இதன் பிற்பாதியில் வருகிறது, ஏறத்தாழ 1770களிலிருந்து 1820கள் வரை. 1801இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது லண்டன் பத்து லட்சத்தை நெருங்கியிருந்தது. பரம்பரைப் பிரபு, நேற்றுப் பணம் பார்த்த வியாபாரி, கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவன், மீன்காரி, ஜேப்படித் திருடன் எல்லோரும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொண்டு நடந்தார்கள். யார் எவர் என்பதை உடையைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். உடையோ, காசிருந்தால் யாரும் தைத்துக்கொள்ளலாம். கேலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, பாரிஸும் பெரிய நகரம்தானே, ஏன் லண்டனில் மட்டும் இது இப்படிச் செழித்தது? அச்சிடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1695லேயே காலாவதியாகிவிட்டது. நாடகத்துக்கு 1737 முதல் முன்தணிக்கை வந்தது. படத்துக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அவதூறு வழக்குப் போடலாம்தான். ஆனால் போட்டால் என்ன ஆகும்? “இந்தப் படத்தில் தொப்பை சரிந்து, பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என் கட்சிக்காரர்தான்” என்று வக்கீல் கோர்ட்டில் எழுந்து நின்று நிரூபிக்க வேண்டும். பெரிய மனிதர்கள் பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

இனி, படம் எப்படித் தயாரானது என்று பார்க்கலாம். செப்புத்தகட்டை லேசாகச் சூடாக்கி அதன்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவார்கள். ஓவியர் ஊசியால் அதன்மேல் கீறி வரைவார். கீறிய இடத்தில் மெழுகு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். பிறகு தகட்டின்மேல் அமிலம் ஊற்றினால், மெழுகு இல்லாத கோடுகளை மட்டும் அது அரிக்கும். கூடுதல் நேரம் அரிக்கவிட்டால் கோடு ஆழமாகும், அச்சில் கறுப்பாக விழும். மெழுகை வழித்துவிட்டு மை தடவி, மேற்பரப்பைத் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் கொடுத்து இழுத்தால் படம் தாளுக்கு ஏறிவிடும், இடம் வலம் மாறி. அதனால் படத்தில் வரும் எழுத்தையெல்லாம் தகட்டில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல எழுத வேண்டும். கில்ரேயின் படங்களில் எழுத்து நிரம்பி வழியும். வாயிலிருந்து கிளம்பும் பேச்சுக் குமிழ், புத்தக அட்டை, சுவரொட்டி என்று எங்கு பார்த்தாலும் எழுத்துதான். சிறுவயதில் எழுத்துப் பொறிப்பவர் ஒருவரிடம் தொழில் பழகியவர் அவர்; அந்தக் கை கடைசிவரை உதவியது.

வண்ணம் அச்சில் வருவதில்லை, கையால்தான் பூச வேண்டும். பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் ஒரு மாதிரிப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு வரிசையாகப் பூசினார்கள். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் சட்டை நீலமாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் இருக்கும். பார்ப்பவர்கள் இதில் குறியீடு தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

விலை? சாதாரண அளவுப் படம் வண்ணமில்லாமல் ஒரு ஷில்லிங், வண்ணத்தோடு இரண்டு என்பது வழக்கமான ரேட். பெரிய படங்கள் அதற்கும் மேல். ஒரு ஷில்லிங் என்பது அன்றைய லண்டன் கூலியாளுக்கு ஏறக்குறைய அரை நாள் சம்பளம். ஆகவே தெருவில் நடந்த கூத்தை வரைந்த படத்தை, தெருவில் நடந்தவர்களில் பாதிப் பேர் வாங்கவே முடியாது. அவர்கள் ஜன்னலில் இலவசமாகப் பார்த்தார்கள். நடுத்தர வசதிக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது. பிக்காடிலியில் கடை வைத்திருந்த ஃபோர்ஸ் என்பவர் படத் தொகுப்புகளை ஒரு மாலைக்கு வாடகைக்கு விட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாப்பாட்டுக்கு அப்புறம் அதைப் புரட்டிச் சிரிப்பார்கள். சீப்சைடில் தாமஸ் டெக் மலிவுப் படங்களில் கொழித்தார். கடை எந்தத் தெருவில் இருக்கிறதோ அதற்கேற்ற கேலி. செயின்ட் ஜேம்ஸ் தெருக் கடைக்கு வருபவர்கள் பிரபுக்கள், எம்.பி.க்கள். தங்களையே கேலி செய்யும் படத்தைத் தாங்களே வாங்கிப் போனவர்களும் உண்டு.

இந்தக் கதைக்கு மூத்தவர் வில்லியம் ஹோகார்த். பொற்காலத்துக்கு முன்பே, 1764இல் இறந்துவிட்டார். தன்னைக் கேலிச்சித்திரக்காரர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மூக்கை முழ நீளத்துக்கு இழுப்பது சின்னப்பிள்ளை வேலை, தான் செய்வது மனிதர்களின் குணத்தை வரைவது என்பது அவர் கட்சி. 1743இல் இந்த வேறுபாட்டை விளக்கவே ஏறத்தாழ நூறு முகங்களை அடுக்கி ஒரு படம் போட்டார். தொழிலுக்கு அவர் செய்த உதவி இன்னொன்று. அவர் படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்றவர்களால் நொந்துபோய், சக கலைஞர்களோடு சேர்ந்து நாடாளுமன்றத்தில் முட்டிமோதி 1735இல் ஒரு சட்டம் வாங்கினார். படத்துக்கு 14 ஆண்டு பதிப்புரிமை. தகட்டிலேயே உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் பொறித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நகர வாழ்க்கைக் கேலியைப் புரிந்துகொள்ள ஹோகார்த்தின் ஒரே ஒரு படத்தை உட்கார்ந்து பார்க்கலாம். 1741இல் வந்தது, கோபம் தலைக்கேறிய இசைக்கலைஞர். வயலின் வித்வான் ஒருவர் ஜன்னலோரம் நிற்கிறார். தலையில் விக், பட்டு உடை, இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருக்கிறார். காரணம் தெருவில். கைக்குழந்தையோடு ஒருத்தி நாட்டுப்பாட்டுப் பாடி விற்கிறாள், குழந்தை வீறிடுகிறது. சாணை பிடிப்பவன் வெட்டுக்கத்தியைத் தீட்டுகிறான். ஒரு பையன் மத்தளம் அடிக்கிறான், ஒரு சிறுமி கிலுகிலுப்பையைச் சுற்றுகிறாள். ஒருவன் ஜன்னலுக்கு நேர் கீழேயே நின்று ஓபோ ஊதுகிறான். குப்பைக்காரனின் மணி, மீன்காரனின் கூவல், குதிரைமேல் போகிறவனின் கொம்பு. விளக்குக் கம்பத்தில் கிளி. கூரைமேல் பூனைகள். தூரத்துத் தேவாலயக் கோபுரத்தில் கொடி ஏறியிருக்கிறது. அப்படியென்றால் அங்கே மணியும் அடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் பித்தளை தட்டுவது போல ஈயக்கலவைப் பாத்திரம் அடிப்பவர். ஓசையே இல்லாத ஊடகத்தில் இவ்வளவு சத்தம்! எனக்குத் தெரிந்து இந்தப் படத்தைப் பார்க்கும்போது காது வலிக்காதவர் கிடையாது.

ஆனால் சிரிப்பு யார்மேல்? முதல் பார்வைக்குத் தெருக்கூட்டத்தின்மேல் என்று தோன்றும். சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பாருங்கள்: ‘பிச்சைக்காரர் ஆபெரா’. 1728இல் மேடையேறி, ஊரறிந்த மெட்டுகளிலேயே பாட்டமைத்து, பிரபுக்கள் கொண்டாடிய இத்தாலிய ஆபெராவைக் கிண்டலடித்துச் சக்கைப்போடு போட்ட நாடகம் அது. படத்தின் நடுவில் பளிச்சென்று, நிமிர்ந்து, பால்குடத்தைத் தலையில் வைத்தபடி கூவி நிற்பவள் பால்காரி. ஜன்னலில் கத்துபவர் வித்வான். ஹோகார்த்தின் ஓட்டு யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவருடைய மிகப் பிரபலமான நகரப் படம் 1751இல் வந்த ஜின் சந்து. போதையில் தாயின் மடியிலிருந்து குழந்தை நழுவி விழும் காட்சி. அடகுக்கடை மட்டும் நன்றாக ஓடுகிறது. ஜோடிப் படமான பீர் தெருவில் எல்லோரும் கொழுகொழுவென்று சந்தோஷமாக இருக்கிறார்கள். ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. பிரசாரப் படம் என்பதால் அதில் சிரிப்பு குறைவு. இதற்கு மேல் அதில் நிற்க வேண்டாம்.

அடுத்த தலைமுறை ஹோகார்த்தின் நீதிபோதனையைக் கழற்றிப் போட்டுவிட்டது. ஸ்டிராண்ட் தெருவில் மேத்யூ டார்லி, மேரி டார்லி தம்பதி 1770களின் தொடக்கத்தில் மக்கரோனிகளை வரைந்து தள்ளினார்கள். இத்தாலிக்குப் போய்வந்து, இறுக்கமான சட்டையும் வானளாவிய விக்கும் போட்டுக்கொண்டு அலட்டிய இளைஞர்களுக்கு லண்டனில் வைத்த பட்டப்பெயர் அது. மேரி டார்லி படம் வரைந்து விற்றதோடு, மற்றவர்கள் கேலிச்சித்திரம் பழகக் கையேடும் வெளியிட்டார். பெண்களின் கொண்டை உயர்ந்துகொண்டே போன காலமும் அதுதான். படங்களில் அந்தக் கொண்டைகள் கதவு நிலையை இடிக்கும், கொண்டைக்குள் தோட்டமே இருக்கும்.

தாமஸ் ரோலண்ட்சன் கை வேறு மாதிரி. வளைந்து நெளிந்து ஓடும் கோடு, குண்டு உடம்புகள், குலுங்கும் கூட்டம். சூதாட்டத்தில் பணத்தை விட்டவர். அரசியலைவிடத் தெருவும் சத்திரமும் பூங்காவும்தான் அவருக்கு உசிதம். ராயல் அகாடமி கண்காட்சி நடந்த சாமர்செட் ஹவுஸில் மாடி ஏறும் படிக்கட்டு செங்குத்தானது. அதில் கனவான்களும் சீமாட்டிகளும் ஒருவர்மேல் ஒருவராக உருண்டு விழுவதை வரைந்தார். விழுந்த பெண்களை உற்றுப் பார்க்க அங்கே சில கிழவர்கள் தயாராக நிற்கிறார்கள். கலையைப் பார்க்க வந்தவர்கள் உண்மையில் எதைப் பார்க்க வந்தார்கள் என்பதே நையாண்டி. அதே ரோலண்ட்சன், ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற பதிப்பாளருக்காக 1808இல் தொடங்கிய லண்டன் காட்சித் தொகுப்பில் 104 படங்களுக்கு மனிதர்களை வரைந்து கொடுத்தார். கட்டடங்களை வரைந்தவர் அகஸ்டஸ் பியூஜின். பியூஜினின் தூண்கள் அளவெடுத்தாற்போல நிற்கும், ரோலண்ட்சனின் ஆட்கள் அதன் நடுவே கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

1807இல் பால் மால் தெருவில் ஃபிரெடரிக் வின்சர் என்ற ஜெர்மானியர் வாயு விளக்குகளை எரித்துக் காட்டினார். நகரமே வாய் பிளந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த ரோலண்ட்சன் படத்தில் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு குமிழ். நாகரிகக் கனவான் ஒருவர் கூட வந்த சீமாட்டிக்கு நிலக்கரியிலிருந்து வாயு எப்படி வருகிறது என்று விஞ்ஞானப் பாடம் நடத்துகிறார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், மனதுக்குள் இருக்கும் உள்ளொளியின் முன்னால் இதெல்லாம் என்ன என்கிறார். பக்கத்தில் பாலியல் தொழில் செய்யும் பெண் ஒருத்தி, இந்த வெளிச்சத்தை நிறுத்தாவிட்டால் நம் கடையை மூடவேண்டியதுதான் என்று அங்கலாய்க்கிறாள். அவளோடு நிற்பவன், காசு கொடுத்தாலும் ஒரு இருட்டு மூலை கிடைக்கவில்லையே என்று ஆமோதிக்கிறான். புதிய தொழில்நுட்பம் ஒன்று தெருவுக்கு வரும்போது யார் யாருக்கு என்ன ஆகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வரலாற்றுப் புத்தகம் ஒன்றை நான் படித்ததில்லை.

கில்ரேயை உலகம் நெப்போலியனைக் குள்ளனாக்கிய அரசியல் ஓவியராகத்தான் நினைவு வைத்திருக்கிறது. நகர வாழ்க்கையிலும் அவர் கூர்மை குறையவில்லை. 1802இல் பெரியம்மைத் தடுப்பூசி பற்றி ஒரு படம் போட்டார். எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைச் சீழை மனிதருக்குச் செலுத்தும் முறையைப் பற்றி எழுதி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தின் நடுவில் மிரண்டுபோய் நாற்காலியில் ஒரு பெண், அவள் கையில் ஜென்னர் கத்தியை வைக்கிறார். சுற்றிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஒருவருக்கு முகத்திலிருந்தும் ஒருவருக்குக் கையிலிருந்தும் குட்டிக் குட்டி மாடுகள் முளைத்து வெளிவருகின்றன. பின்சுவரில் பொற்கன்றை வணங்கும் விவிலியக் காட்சி. கில்ரே தடுப்பூசியைக் கேலி செய்தாரா, அதற்குப் பயந்தவர்களைக் கேலி செய்தாரா? இரண்டு கட்சிக்காரர்களும் இதே படத்தை வாங்கி இரண்டு விதமாகச் சிரித்திருக்கலாம். கடைக்காரருக்கு இதைவிட லாபம் ஏது. ஒரு விஷயம் மட்டும் நிச்சயம்: கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய தடுப்பூசி வதந்திகளுக்கு 200 ஆண்டு மூத்த அண்ணன் அந்தப் படத்தில் இருக்கிறான்.

தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள படம் ஒன்றும் கில்ரேயிடம் உண்டு. இந்தியாவில் கொள்ளையாகச் சம்பாதித்துத் திரும்பிய கம்பெனிக்காரர்களை லண்டனில் ‘நபாப்’ என்று நையாண்டி செய்வார்கள். 1797இல் வந்த படத்தில் ரூபாய்ப் பிரபு என்ற பட்டத்தோடு ஹைட் பார்க்கில் குதிரைச் சவாரி போகிறவர் பால் பென்ஃபீல்டு. மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர், கோட்டைக் கட்டுமானத்தைக் குத்தகை எடுத்தவர். அதைவிட முக்கியமாக, ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தவர். அந்தக் கடனுக்குத் தஞ்சாவூர் வருமானத்தின்மேலும் உரிமை கொண்டாடினார். இந்தக் கடன் விவகாரத்தைத்தான் 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து கிழித்தார். ஹைட் பார்க்கில் உலா வருவது லண்டன் மேட்டுக்குடியின் அன்றாட வாடிக்கை. அங்கே இவரும் மிடுக்காகப் போக, ‘ரூபாய்’ என்ற ஒரே சொல்லில் அந்த மிடுக்கு எங்கிருந்து வந்தது என்று கில்ரே சொல்லிவிடுகிறார். காவிரிப் படுகைக்காரன் வயிறு காய்ந்ததைப் பற்றிப் படத்தில் ஒன்றும் இல்லை. லண்டன்காரர்களுக்கு எரிச்சல், புதுப் பணக்காரன் தங்கள் பூங்காவுக்குள் வந்துவிட்டான் என்பதில்தான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இவர்களை அதிகாரத்துக்கு அஞ்சாத நெஞ்சர்கள் என்று தூக்கி வைக்கவும் கூடாது. 1797 முதல் சில ஆண்டுகள் கில்ரேக்கு ஆளும் தரப்பிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் அவர் ஊசி எதிர்க்கட்சியைத்தான் அதிகம் குத்தியது. இன்னொரு கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் 1820இல், மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று எழுதிக்கொடுத்து 100 பவுண்டு வாங்கிக்கொண்டார். அந்த ரசீது இன்றும் இருக்கிறது. ஏழைகள், அயர்லாந்துக்காரர்கள், யூதர்கள், கறுப்பினத்தவர்கள், வயதான பெண்கள் ஆகியோரை இவர்கள் வரைந்த விதத்தைப் பார்த்தால் பல இடங்களில் முகம் சுளிக்க வேண்டியிருக்கும். திருப்பிக் கேட்க முடியாதவர்கள்மேல் விழுந்த சிரிப்பு அது, காசு கொடுத்து வாங்கிய சிரிப்பு.

காலத்தின் கடைசியில் வந்த படம் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1828, வில்லியம் ஹீத். ஒரு சீமாட்டி தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரின் ஒரு துளியை உருப்பெருக்கியில் பார்க்கிறாள். பார்த்ததும் கையிலிருந்த தேநீர்க் கோப்பை நழுவுகிறது. வலதுபுறம் பெரிய வட்டத்தில் அந்தத் துளி: கொடுக்கும் வாலும் பல்லும் முளைத்த ஜந்துக்கள் நீந்துகின்றன. லண்டன் குடிநீர்க் கம்பெனிகளுக்குச் சமர்ப்பணம் என்று மேலே எழுதியிருக்கிறது. சாக்கடை கலக்கும் ஆற்றிலிருந்தே கம்பெனிகள் குடிநீர் எடுத்த ஊர் அது. அதே ஆண்டில் குடிநீர் பற்றிய விசாரணைக்குழு அறிக்கையும் வந்திருந்தது. அடுத்த ஆண்டு செல்சி நீர் கம்பெனி மணல் வடிகட்டி அமைத்தது. படத்தால் வடிகட்டி வந்தது என்று சொல்ல மாட்டேன். தேநீர் குடிக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அப்போதே ஓடிக்கொண்டிருந்தது என்பதற்குப் படம் சாட்சி.

1830களில் இந்தத் தனித்தாள் வியாபாரம் படுத்தது. கல்லச்சும் மர அச்சும் வந்து பத்திரிகைக்குள்ளேயே படத்தை மலிவாகச் சேர்க்க முடிந்தது. 1841இல் ‘பஞ்ச்’ பத்திரிகை தொடங்கியபோது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத்தக்க, அடக்கமான சிரிப்புதான் விற்றது. தொப்பையும் வாந்தியும் பிட்டமும் ஒதுங்கிக்கொண்டன.

இன்று பார்க்க நினைப்பவர்கள் லண்டன் போக வேண்டியதில்லை. பிரிட்டிஷ் மியூசியம் தன் இணையத் தொகுப்பில் ஆயிரக்கணக்கில் இவற்றை வைத்திருக்கிறது. 1771 முதல் 1832 வரை வந்த படங்களுக்கு டாரதி ஜார்ஜ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய விவரணைகளும் கூடவே கிடைக்கின்றன. படத்தில் யார் யார், கையில் என்ன, குமிழில் என்ன எழுத்து என்று ஒன்று விடாமல் எழுதிய மனுஷி அவர். ஆரம்பத்திலேயே கில்ரேயின் அரசியல் படங்களில் இறங்கினால் பிரதமர் பிட் யார், அவரை எதிர்த்த ஃபாக்ஸ் யார் என்று தேடுவதிலேயே களைத்துவிடுவீர்கள். ரோலண்ட்சனின் தெருப் படங்களில் தொடங்குவது நல்லது. படத்தைப் பெரிதாக்கியதும் முகங்களுக்குப் போவதற்கு முன்னால் அடிவிளிம்பைப் பாருங்கள். ஹோகார்த் வாங்கிய சட்டத்தின் புண்ணியத்தில் பெரும்பாலும் வெளியீட்டுத் தேதியும், விற்றவர் பெயரும், பல சமயம் கடையின் தெருவும் அங்கே இருக்கும். அந்தத் தெரு செயின்ட் ஜேம்ஸா சீப்சைடா என்று தெரிந்துகொண்டு மேலே போனால், படத்தில் விழுந்து கிடப்பவர் ஏன் பிரபுவாக இருக்கிறார் அல்லது ஏன் துணிக்கடைக்காரராக இருக்கிறார் என்பது சீக்கிரமே பிடிபடத் தொடங்கும்.